திருட்டுத் தடுப்புப் பொருட்கள்: எதை வாங்கலாம், எது வாங்கியவரையே மாட்டிவிடும்?

ரிச்சி தெருவில் சைரன், பாரிமுனையில் ஆல்டிராப் என்னும் நீளத் தாழ்ப்பாள், ஆன்லைனில் பெப்பர் ஸ்பிரே, 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று எழுதி விற்கும் பட்டாக்கத்தி என்று வீட்டைக் காக்கும் சாமான் எல்லாமே சென்னையில் கிடைக்கிறது. இவற்றுக்கு வரும் மதிப்புரைகள் சத்தம், பேட்டரி, விலையோடு நின்றுவிடுகின்றன. யாரும் செய்யாத சோதனை ஒன்று உண்டு: அந்தப் பொருளால் உள்ளே வந்தவன் செத்துப்போனால், வாங்கியவர் கதி என்ன? இந்த மதிப்புரை அதை வைத்துத்தான்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. தற்காப்புரிமை 34 முதல் 44 வரையான பிரிவுகளில் வருகிறது. சொத்தைக் காக்க உயிரை எடுக்கும் அளவுக்குப் போகலாம் என்று சொல்லும் பழைய 103 இப்போது 41. அதிலும் நான்கே நிலைமைகள். ஒன்று, கொள்ளை. இரண்டு, சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் நடக்கும் வீடு உடைத்தல். மூன்று, ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீயோ வெடியோ வைத்தல். நான்காவது, திருட்டோ, சேதமோ, வீட்டுக்குள் அத்துமீறலோ, 'இவன் கொன்றுவிடுவான், கொடுங்காயம் செய்வான்' என்று நியாயமாக அஞ்ச வைக்கும் விதத்தில் நடந்தால். மற்ற திருட்டுக்கெல்லாம் 42-ஆம் பிரிவுதான்: காயப்படுத்தலாம், கொல்லக் கூடாது. இத்தனைக்கும் மேலே 37 உட்கார்ந்திருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு கூடாது. போலீஸை நாட அவகாசம் இருந்தால் உரிமையே இல்லை.

பகல் இரண்டு மணிக்குப் பூட்டை உடைத்து பீரோவைக் குடைபவனும், இரவு இரண்டு மணிக்கு அதையே செய்பவனும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. பகல்காரனை அடித்துக் கொன்றால் இரண்டாவது நிலைமை கைகொடுக்காது. அவன் கையில் அரிவாள் இருந்ததா, ஆளைத் தாக்க வந்தானா என்ற கேள்வியில்தான் வழக்கு நிற்கும்.

இதனால்தான் பட்டியலில் பூட்டுக்கு முதல் இடம். அது திருடனைத் தாமதப்படுத்துகிறது என்பது பாதிக் காரணம்தான். வீடு உடைத்தல் எது என்பதை 330-ஆம் பிரிவு சொல்கிறது: சுவரில் கன்னம் வைப்பது, சுவரேறி வருவது, ஆள் நுழைவதற்கென்று இல்லாத வழியில் இறங்குவது, பூட்டைத் திறப்பது, தாழிட்ட வழியைத் திறப்பது, ஆளைத் தாக்கியோ மிரட்டியோ நுழைவது போன்றவை. பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிக்கொண்டு இறங்கினால் அது வீடு உடைத்தல். மே மாதப் புழுக்கத்துக்குத் திறந்து போட்ட வாசல் வழியே நடந்து வந்தால் இந்த வரையறைக்குள் வராது, இரவாக இருந்தாலும். நெளிந்த தாழ்ப்பாளே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்.

அடுக்குமாடிகளில் கதவுக்குள் பதித்த மார்டைஸ் பூட்டு நல்லதாகவே இருக்கும், கோளாறு கதவு மாட்டியிருக்கும் நிலைச்சட்டத்தில். நாக்கு போய் உட்காரும் தகட்டை அரை அங்குல ஸ்க்ரூவில் நிறுத்தியிருப்பார்கள். கடப்பாரையை ஒருமுறை கொடுத்து நெம்பினால் பூட்டு அப்படியே இருக்க, தகடு மரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். இரண்டரை அங்குல ஸ்க்ரூ போட்டு, அது நிலை மரத்துக்குள் ஆழமாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆல்டிராப்புக்கு ஸ்க்ரூ வேண்டாம். கதவை ஊடுருவிப் போய் உள்பக்கம் நட் போட்டு முடுக்கும் போல்ட் கேட்டு வாங்குங்கள். வெளியே தொங்கும் பெரிய பூட்டு 'வீட்டில் ஆளில்லை' என்று போர்டு மாட்டியது மாதிரி. கதவுச் சங்கிலி வந்தவர் முகத்தைப் பார்க்க மட்டும் உதவும், அதற்கு லென்ஸ் போதும். தரைத்தளத்தில் வென்டிலேட்டருக்கும் வாஷிங் ஏரியாவுக்கும் கிரில் போடாமல் வாசலுக்கு மட்டும் டிஜிட்டல் பூட்டு மாட்டுவது பண விரயம்.

அடுத்து, கையில் எடுக்கும் சாமான்கள். 2019 ஆகஸ்டில் கடையம் அருகே அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையர்களை ஒரு வயதான தம்பதி பிளாஸ்டிக் நாற்காலியாலும் செருப்பாலும் விரட்டியதைத் தமிழ்நாடே சிசிடிவியில் பார்த்தது. சட்டத்தின் கண்ணில் நாற்காலிக்கு முழு மதிப்பெண். நாலு காலும் வெட்டைத் தடுக்கும், ஆளை எட்ட நிறுத்தும், 'கொல்லவே வாங்கி வைத்தாயா' என்று யாரும் கேட்க முடியாது. கம்பும் அப்படியே, முழங்காலுக்குக் கீழே அடித்தால் காயம், தலையில் அடித்தால் மரணம்.

பட்டாக்கத்தி வேண்டவே வேண்டாம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வருகிறது. வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கென்று செய்ததற்கு மட்டும் விலக்கு. அதைவிடப் பெரிய வம்பு காயம் விழும் இடம். முதுகில் வெட்டு என்றால் ஓடியவனை வெட்டியதாகத்தான் அரசுத் தரப்பு சொல்லும். இரவு வீடு உடைத்தலில் உரிமை அந்த அத்துமீறல் நீடிக்கும் வரைதான் என்கிறது 43. காம்பவுண்டைத் தாண்டித் தெருவில் ஓடுகிறவனைத் துரத்தி வெட்டினால் அது தற்காப்பு ஆகாது. நல்லெண்ணத்தோடு, முன்திட்டமில்லாமல், தற்காத்துக்கொள்ளும்போதே எல்லை மீறியிருந்தால் 101-இன் விதிவிலக்கு கொலையிலிருந்து கீழே இறக்கும். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற அந்தக் குற்றத்துக்கும் 105-இல் ஆயுள் தண்டனை வரை இடமிருக்கிறது.

ஏர் கன்னில் குழாய்த் துளை 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாவிட்டால் உரிமம் வேண்டாம். ஆனால் வந்தவன் அதை நிஜத் துப்பாக்கி என்று நம்பிக் கத்தியை வீசினால், கையில் இருப்பது அவனை நிறுத்தாது.

பெப்பர் ஸ்பிரே சில நூறு ரூபாய், உரிமம் தேவையில்லை. இரண்டு மூன்று மீட்டர் எட்டும். பீய்ச்சியவன் கண்ணும் எரியும் என்பது இதன் குறை: ஏசி போட்டு மூடிய அறையில் அடித்துவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது, ஃபேன் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். கேனில் காலாவதித் தேதி இருக்கிறது; தேதி தாண்டினால் அழுத்தம் குறைந்து காலடியிலேயே சொட்டக்கூடும். வழக்கு என்று வந்தால் 'தேவைக்கு மேல் தீங்கு' என்று பேச, கத்தியை விட இதில் இடம் குறைவு.

காம்பவுண்டுச் சுவரில் வீட்டு கரண்டைக் கொடுத்த கம்பிக்குப் பூஜ்யம். 'எலெக்ட்ரீஷியன் செய்து தருகிறேன் என்றார்' என்பது பதிலாகாது. கழிவறைக்குப் போகும் வழியில் அத்துமீறி வருவோரைத் தடுக்க ஒருவர் வெற்று மின்கம்பி கட்ட, பக்கத்து வீட்டுப் பெண் செத்துப்போன செருபின் கிரகரி வழக்கு 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. அத்துமீறி வந்தவர் என்பதற்காக அவர் உயிருக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகாது என்று சொல்லி தண்டனையை உறுதி செய்தார்கள். காரணம் எளிது. தற்காப்பு என்பது எதிரே இருப்பவனைப் பார்த்து, அளந்து, அந்த நொடியில் செய்வது. கம்பிக்குக் கண் கிடையாது. பந்து எடுக்க ஏறும் பையனும் பூனையும் திருடனும் அதற்கு ஒன்றே. சுவர் உச்சியில் கண்ணுக்குத் தெரியும்படி பதித்த கண்ணாடிச் சில்லு வேறு விஷயம், அது எச்சரிக்கையும்கூட.

கதவு சென்சாரோடு வரும் சைரனுக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். வாசலை விடப் பின்பக்கக் கதவிலும் மொட்டை மாடிக் கதவிலும் வைப்பதுதான் பலன் தரும். அது அலறினால் வந்தவன் ஓடக்கூடும், அக்கம்பக்கம் எழும், 112-க்கு அழைக்க அவகாசம் கிடைக்கும். ஆனால் அந்த அவகாசம் கிடைத்த பின்னும் அழைக்காமல் இருந்தால் 37 எதிராகத் திரும்பும். அதற்காகச் சொந்த வீட்டிலிருந்து ஓடிப்போக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தாக்கப்படுகிறவர் கோழைபோல நடக்கத் தேவையில்லை என்றது. பதற்றத்தில் கொடுத்த பதிலடியைத் தங்கத் தராசில் நிறுக்க முடியாது என்பதையும் ஏற்றது.

நைலான் கயிறும் இந்தப் பட்டியலில் சேரும், ஏனென்றால் பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி 'தர்ம அடி' கொடுப்பது நம் ஊர் வழக்கம். கட்டிய நிமிடத்தோடு தற்காப்பு முடிந்தது. அதன்பின் விழும் அடி அடிப்பவர் மேல் வழக்காகும், செத்தால் கொலை வழக்கு வரை போகும். பொதுமக்கள் கைது செய்யலாம்தான், ஆனால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. காயம் பட்டிருந்தால் 108-க்கும் அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸை யார், எப்போது அழைத்தார் என்ற பதிவு பின்னால் நோக்கத்தைக் காட்டும்.

கடைசியாகக் கேமரா. தற்காப்பு என்பதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவரிடம், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 108-ஆம் பிரிவில். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டாம், நடந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கு வீடியோ பெரிய உதவி. கெடுப்பது மூன்று விஷயம். கேமராக் காட்சியைப் பதியும் பெட்டியான டிவிஆரின் கடிகாரம் பிந்தி ஓடக்கூடும். இரவா பகலா என்பதிலேயே வழக்கு நிற்கும்போது இது வினை. கரண்ட் போனால் டிவிஆரும் ரூட்டரும் சேர்ந்து அணையும், அதனால் இரண்டுக்கும் சின்ன யுபிஎஸ் வேண்டும். மூன்றாவது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு வீடியோ. அதே சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றோடு, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடான ஹேஷ் மதிப்பு குறித்த சான்றிதழும் வர வேண்டும். சம்பவம் நடந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்தி, ஹார்ட் டிஸ்க்கில் பழையதன் மேல் புதியது எழுதாமல் காத்து, டிவிஆரை அப்படியே போலீஸிடம் கொடுத்து, சீரியல் எண்ணோடு ரசீது வாங்குங்கள்.