வாரண்டி முடிந்தபின் எரிந்துபோன மோட்டார்: காயில் கட்டி ஓட்டிய 18 மாதங்கள்

சூலூரிலிருந்து பீளமேட்டுக்குத் தினமும் என்னைச் சுமந்து போய்வரும் மின்சார மோட்டார் சைக்கிள் சென்ற வாரம் 56,000 கிலோமீட்டரைத் தாண்டியது. அதில் கடைசி 17,400 கிலோமீட்டரும், “இனி தேறாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும்” என்று சர்வீஸ் சென்டர் கைவிட்ட அதே மோட்டாரில் ஓடியவை. எரிந்த தாமிரக் கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதுதான் காயில் கட்டுவது. அப்படிக் கட்டிய மோட்டாரை நம்பலாமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால், ஒரு மழைக்காலமும் இரண்டு கோடைகளும் கடக்காமல் சொல்ல மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

வண்டி வாங்கியது 2020 செப்டம்பரில். 72 வோல்ட் பேட்டரி. பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் அடங்கிய வகை. செயின் இல்லை, பெல்ட் இல்லை, கியர் இல்லை. மோட்டாருக்கு 3 ஆண்டு வாரண்டி. 2023 நவம்பரில் ஒரு மாலை டவுன்ஹாலில் வேலை முடித்துத் திரும்பும்போது நல்ல மழை. லங்கா கார்னர் சுரங்கப்பாலத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது. முன்னால் போன பஸ்ஸைப் பின்பற்றி நானும் இறங்கிவிட்டேன். சக்கரத்தின் நடுப்பகுதி வரை தண்ணீர். வண்டி நிற்காமல் கரையேறியது. வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. நான்கு நாள் எந்தக் குறையும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓடிச் சூடேறிய மோட்டாருக்குள் இருக்கும் காற்று விரிந்து நிற்கிறது. அப்படியே குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் வெளித் தண்ணீரை உள்ளே உறிஞ்சுகிறது. ஆக்சில் வழியாகக் கம்பிகள் வெளியே வரும் துளையும் ஆயில் சீல் ஓரமும் அதற்கு வழிவிடுகின்றன. தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி 67 என்று போட்டிருப்பதெல்லாம் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்துச் செய்யும் சோதனையைக் குறிப்பது. மூன்று ஆண்டு வெயிலும் மழையும் பட்டு இறுகிப்போன சீலுக்கு அது பொருந்தாது.

ஐந்தாம் நாள் காலை, சிந்தாமணிப்புதூர் அருகே வண்டி நொண்டத் தொடங்கியது. த்ராட்டிலைத் திருகினால் ஒரு உதறல், ஒரு முனகல், பிறகு நகர்வு. இருநூறு மீட்டர் போவதற்குள் சக்கரம் யாரோ பிடித்து இழுப்பது போல் இறுகியது. தள்ளிக்கொண்டு போகக்கூட முடியவில்லை. ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றித்தான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

அங்கே மோட்டாரைத் திறக்கவே இல்லை. கணினியில் பிழைக் குறியீட்டைப் பார்த்துவிட்டு, முழு மோட்டாரும் மாற்ற வேண்டும், வரி சேர்த்து 33,600 ரூபாய், வந்து சேர 45 நாள் ஆகலாம் என்றார்கள். என்ன பழுது என்று கேட்டேன். “மோட்டார் போய்விட்டது சார்.” சென்சார் தனியாகக் கிடைக்குமா என்றால், இல்லை, பேரிங்காவது கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. அந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட பட்டியலில் மோட்டார் என்பது ஒரே பொருள். அதற்குள் இருக்கும் எதற்கும் தனி எண் கிடையாது. அதுதான் என்னைக் கோபப்படுத்தியது. கோயம்புத்தூரில், பம்பு மோட்டார்களுக்காகவே பெயர்பெற்ற ஊரில் நின்றுகொண்டு, ஒரு மோட்டாரைத் திறந்து பார்க்க ஆளில்லை என்பதை ஏற்க முடியவில்லை. வண்டியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன்.

பணம் கட்டுவதற்கு முன் யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் மூன்று உண்டு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் இவற்றைத் தொடங்க வேண்டும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி அனுப்பும் பெட்டிதான் கண்ட்ரோலர். மோட்டாரிலிருந்து அதற்குப் போகும் தடித்த கம்பிகள் மூன்று. என் வண்டியில் மஞ்சள், பச்சை, நீலம். அவற்றைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று படாமல் பிரித்துவைத்து, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இறுக்கம் விலகி லேசாகச் சுற்றினால் மோட்டாரின் காயில் பிழைத்திருக்கிறது, கண்ட்ரோலர்தான் பழுது என்று பொருள். பிரித்தபின்பும் இறுகினால் கோளாறு காயிலில்தான். எனக்கு இரண்டாவதுதான்.

அடுத்து கண்ட்ரோலரையும் பார்த்தேன். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, மூன்று முனைகளையும் பேட்டரி முனைகளோடு ஒப்பிட்டேன். மூன்றும் ஒரே அளவு காட்டின. கண்ட்ரோலர் தப்பியிருந்தது. கடைசியாக ஹால் சென்சார்கள். மோட்டாருக்குள் மூன்று இருக்கின்றன. காந்தம் எங்கே நிற்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்பவை அவைதான். இதற்கு மட்டும் பேட்டரியை மீண்டும் இணைத்து, சாவியைப் போட்டு, சென்சார் கம்பிகளில் மீட்டரை வைத்துச் சக்கரத்தை மெல்ல நகர்த்த வேண்டும். நல்ல சென்சார் 0 வோல்ட், 5 வோல்ட் என்று மாறிமாறிக் காட்டும். என்னுடையதில் இரண்டு மாறின. ஒன்று அசையாமல் 5-லேயே நின்றது. ஒரு சென்சாரின் விலை ஐம்பது ரூபாய்கூட இல்லை.

ஆவாரம்பாளையத்தில் முப்பது ஆண்டுகளாகப் பம்பு மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் காயில் கட்டும் ஓர் அண்ணனிடம் சக்கரத்தைக் கொண்டுபோனேன். கம்பியின் மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவியின் ஒரு முனையை மோட்டாரின் உடம்பில் வைத்து, மறுமுனையைப் பச்சைக் கம்பியில் தொட்டார். முள் சுழியத்தில் விழுந்தது. நீலத்திலும் அப்படியே. “காயில் ஏர்த் ஆகிவிட்டது தம்பி, அதுவும் ஒரே இடத்தில் அல்ல. அதனால்தான் கழற்றிய பின்பும் பிடிக்கிறது” என்றார். கம்பிச் சுற்று இரண்டு இடங்களில் மோட்டாரின் இரும்பைத் தொடும்போது உள்ளேயே ஒரு வளையம் மூடிக்கொள்கிறது. சக்கரம் சுற்றினால் அந்த வளையத்தில் மின்சாரம் பாய்ந்து சக்கரத்தையே தடுக்கிறது. பிழைக் குறியீடு இதைச் சொல்லவில்லை.

மூடியைத் திறந்த கணத்தில் எரிந்த வார்னிஷ் வாடை கடை முழுவதும் பரவியது. சாய்த்தபோது ஒரு கரண்டி அளவுக்குத் துருநீர் தரையில் வடிந்தது. வெளிவட்டத்தில் ஒட்டியிருக்கும் காந்தங்கள் நடுவிலிருக்கும் இரும்புக் கட்டையை விடவே இல்லை. புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டு, இருவர் பிடித்துத்தான் பிரித்தார்கள். விரலை நடுவில் வைக்காதீர்கள் என்று அவர் மூன்று முறை எச்சரித்தார். அதை நானும் இங்கே எச்சரிக்கையாகவே எழுதுகிறேன்: நியோடிமியக் காந்தம் நழுவி ஒட்டும்போது விரல் எலும்பையே நசுக்கிவிடும். வீட்டில் திருப்புளியால் நெம்பி இதைச் செய்யக்கூடாது.

அவர் முதலில் பார்த்தது காயிலை அல்ல, காந்தங்களை. முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக விரல் நகத்தால் தட்டிக் கேட்டார். ஒன்று பெயர்ந்திருந்தாலும், விரிசல் விட்டிருந்தாலும் வேலையை எடுக்கமாட்டேன் என்றார். அதிகச் சூட்டில் காந்தம் வலுவிழந்திருந்தால் எவ்வளவு நன்றாகக் காயில் கட்டினாலும் பழைய இழுப்பு வராது என்பது அவர் சொன்ன காரணம். எல்லாம் உறுதியாக இருந்தன.

நடுக்கட்டையில் முப்பத்தாறு பற்கள். பம்பு மோட்டாரில் ஒன்றிரண்டு இழைகளைச் சேர்த்துச் சுற்றிப் பழகியவருக்கு இது வேறு வேலை. மின்னழுத்தம் குறைவு, ஆம்பியர் அதிகம் என்பதால் இங்கே 14 மெல்லிய இழைகள் ஒன்றாக ஓடுகின்றன. எரிந்த காயிலை அறுத்து எறிந்துவிடாமல், ஒரு பல்லை மட்டும் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ணினார். ஐந்து சுற்று. பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் வரைந்தார்: ஒரு ஃபேஸுக்கு (மூன்று தடித்த கம்பிகளில் ஒன்றோடு சேரும் சுற்றுக்கு) அடுத்தடுத்து மூன்று பற்கள், முதலும் மூன்றாவதும் வலச்சுற்று, நடுப்பல் இடச்சுற்று, அப்படிப் பன்னிரண்டு கூட்டம். அந்தப் படத்தை என் பக்கம் திருப்பி, சரிதானா என்று என்னையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர் தன் எண்ணிக்கையை இன்னொருவரைக் கொண்டு சரிபார்த்துக்கொண்டது என் மனத்தில் நின்றுவிட்டது. சுற்று ஒன்று குறைந்தாலும் வேகம் ஏறி, இழுப்பு குறைந்து, ஆம்பியர் கூடிச் சூடாகும். அது அவருக்குத் தெரியும்.

180 டிகிரி தாங்கும் எச் வகைக் கம்பி, கம்பி இரும்பைத் தொடாமல் தடுக்கும் புது ஸ்லாட் பேப்பர், இரண்டு முறை வார்னிஷ், இரவு முழுவதும் சூட்டுப்பெட்டியில் உலர்த்தல். மூன்று சென்சார்களையும் மாற்றச் சொன்னேன். கெட்டது ஒன்றுதான் என்றாலும் மற்ற இரண்டும் அதே துருநீரில் கிடந்தவை. பேரிங் இரண்டும் இருபக்கமும் ரப்பர் மூடியுள்ளவை. புது ஆயில் சீல்.

பூட்டியபின் முதல் சோதனையில் சக்கரம் நடுங்கி முனகியது. தூக்கி நிறுத்திய நிலையிலேயே 9 ஆம்பியர் இழுத்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் புத்தகத்தைத் திறந்து, பச்சையும் நீலமும் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்து மாற்றினார். 2 ஆம்பியர், சத்தமே இல்லாமல் சுற்றியது.

கூலியும் கம்பியும் 5,400 ரூபாய். பேரிங், சீல், சென்சார் எல்லாம் சேர்த்து 1,150. சக்கரம் கழற்றிப் பூட்ட 900. பழைய தாமிரத்தை எடைபோட்டு 350 கழித்துக்கொண்டார். மொத்தம் 7,100 ரூபாய், ஆறு நாள்.

இனி ஓட்டிய கதை. வேகம் முன்போலவே. பாலம் ஏறும்போது இழுப்பில் வேறுபாடு தெரியவில்லை. சூடு மட்டும் சற்றுக் கூடுதல். மே மாத மதியத்தில் அவினாசி சாலையில் ஓட்டி நிறுத்தி, மோட்டார் மூடியில் வெப்பமானியைக் காட்டினால் 66 டிகிரி. பழுதுக்கு முந்தைய கோடைகளில் 60-ஐ ஒட்டியே பார்த்திருக்கிறேன். கையால் சுற்றியதில் தாமிரம் ஆலையில் சுற்றியது போல் அவ்வளவு நெருக்கமாக அமையாமல் போயிருக்கலாம். ஒரு முறை சார்ஜ் செய்தால் 85 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 70 ஓடுகிறது. அது பேட்டரியின் வயது, மோட்டாரின் குற்றமல்ல.

ஒரே ஒரு தொல்லை ஒன்பதாம் மாதத்தில் வந்தது. ஏற்றத்தில் இழுப்பு விட்டுவிட்டு வந்தது. மீண்டும் காயிலா என்று பயந்தேன். பார்த்தால், தடித்த மஞ்சள் கம்பியின் இணைப்பு முனை பழுத்துப் பழுப்பேறியிருந்தது. செருகும் முனையை எடுத்துவிட்டு, கம்பி முனையில் லக் என்ற உலோக வளையத்தை அடித்துப் போல்ட் போட்டு இறுக்கினோம். 80 ரூபாய். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்; காயில் கட்டக் கொடுப்பவர்கள் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். காந்தம் பெயர்ந்த மோட்டார், ஆக்சில் தேய்ந்து ஆடும் மோட்டார் என்றால் புதிதே மேல். சில வண்டிகளில் ஹால் சென்சாருக்குப் பதில், சுழலும் நிலையை இன்னும் நுணுக்கமாக அளக்கும் என்கோடர் இருக்கிறது. திறந்து பூட்டினால் கம்பெனி மென்பொருளால் மறுபடி அளவிட்டால்தான் ஓடும். அவற்றை வெளியே கொடுப்பதற்கு முன் அதைச் செய்து தர ஆளுண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாரண்டி மீதமிருந்தால் திறக்கவே கூடாது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனங்களும் ஒரு பிரிவு. உதிரி பாகமும் பழுதுபார்க்கும் கையேடும் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நான் கேட்பது பெரிதல்ல. மூன்று சென்சார் உள்ள ஒரு தட்டு, இரண்டு பேரிங், ஒரு சீல், சுற்றுக் கணக்கு போட்ட ஒரு பக்கம். இவை இருந்தால் ஆறு நாள் வேலை மூன்று நாளில் முடிந்திருக்கும்.

தேங்கிய தண்ணீரில் இப்போது இறங்குவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். கம்பி நுழையும் துளையில் சிலிக்கான் வைத்து, கம்பியைத் துளைக்குக் கீழே தொங்கும்படி வளைத்துக் கட்டியிருக்கிறேன். வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை மூடியைத் திறந்து, சீலை மாற்றி, மெக்கர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் கடைசி வாரம், சனிக்கிழமை. அந்தப் படம் வரைந்த கணக்குப் புத்தகத்தை இன்னும் எடுத்து வைத்திருக்கிறார்.