அடைக்கோழி: முட்டை வைப்பதா, தெளிய வைப்பதா, இன்குபேட்டர் வாங்குவதா?

ஏழெட்டு நாட்டுக்கோழி வைத்திருக்கும் வீட்டில் வருடத்துக்குப் பல முறை இந்தக் கேள்வி வரும். சாயங்காலம் மற்ற கோழிகள் அடையப் போய்விடும். ஒன்று மட்டும் முட்டையிட்ட கூடையை விட்டு எழுந்திருக்காது. கையை நீட்டினால் உடம்பை இரண்டு மடங்காகச் சிலிர்த்துக்கொண்டு, கொர்ர் என்று இழுத்துக் கத்தி, கொத்தும். அடியில் முட்டையை எடுத்துவிட்டாலும் வெறுங்கூடையிலேயே கிடக்கும். கொண்டை வெளுத்திருக்கும். நாளுக்கு ஒரு தடவை எழுந்து, எலுமிச்சை அளவுக்கு நாற்றமெடுத்த எச்சம் போட்டுவிட்டுத் திரும்ப ஓடும். நெஞ்சுக்கடியில் தடவிப் பார்த்தால் இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும்.

இப்போது மூன்று வழி இருக்கிறது. முட்டை வைத்துக் குஞ்சு எடுக்கலாம். அடை தெளிய வைத்து, அதாவது அப்படிப் படுத்தே கிடக்கும் எண்ணத்தைப் போக்கி, மறுபடி முட்டைக்குத் திருப்பலாம். அல்லது முட்டையை இன்குபேட்டரில் (கரண்டில் சூடு கொடுத்துப் பொரிக்கும் பெட்டியில்) போட்டுவிட்டுக் கோழியையும் தெளிய வைத்து, முட்டை, குஞ்சு இரண்டையும் பார்க்கலாம். கணக்கில் அழகாகத் தெரிவது மூன்றாவதுதான். ஆனால் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கோழிக்குள் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது முதல் வழி. கோழியே அடை காக்கட்டும். தெளிய வைப்பது காலம் சரியில்லாதபோதும், தாய்க்கு உடம்பு முடியாதபோதும் கையில் எடுக்க வேண்டிய வேலை.

முட்டைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சிறுவிடைக் கோழி (உடம்பு சிறிய நாட்டுக்கோழி) ஒரு ஈட்டுக்கு, அதாவது தொடர்ந்து இடும் ஒரு சுற்றுக்கு, பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். அடை வைத்தால் பொரிக்க 21 நாள், குஞ்சோடு திரிய ஒன்றரை இரண்டு மாதம். ஆக, கிட்டத்தட்ட 80 நாள் முட்டை கிடையாது. தெளிய வைத்தால் நாலைந்து நாளில் தெளிந்து, அதற்குப் பிறகு இரண்டு வாரம் போல் எடுத்துக்கொண்டு மறுபடி முட்டையிட ஆரம்பிக்கும். அதே 80 நாளில் இரண்டு ஈடு, 25 முட்டை கிடைக்கலாம். முட்டை 15 ரூபாய் என்று வைத்தால் 375 ரூபாய். ஒரு அடையில் ஏழு குஞ்சு தேறி, அதில் ஒரு சேவலை வளர்த்து விற்றாலே இந்தக் காசுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால் முட்டை நஷ்டம் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முட்டை மட்டுமே வேண்டும், குஞ்சு வளர்க்க இடமே இல்லை என்பவர்களுக்கு அடைக்கே போகாத இனங்கள் இருக்கின்றன. வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா போன்றவை அபூர்வமாகத்தான் அடை படுக்கும்.

தீர்மானிக்கிற விஷயம் முட்டையிலும் இல்லை, பொரிப்பிலும் இல்லை. குஞ்சு பொரிந்த மறுநாள் காலையிலிருந்து முதல் ஒரு மாதம் அதற்கு யார் சூடு கொடுப்பது என்பதில் இருக்கிறது.

இன்குபேட்டரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பொரிப்பு நன்றாகவே வரும். காற்றாடி வைத்த பெட்டியில் 37.5 டிகிரி, முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல், நாளுக்கு மூன்று தடவைக்குக் குறையாமல் முட்டையைத் திருப்புவது, 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துவது. தெர்மாகோல் பெட்டியில் வரும் சின்ன இன்குபேட்டரின் மீட்டரை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்த்தால் பாதித் தொல்லை போய்விடும். சூடு கொஞ்சம் கூடுதலாகவே ஓடினால் குஞ்சு முன்கூட்டியே, தொப்புள் சரியாக மூடாமல் பொரியும். குறைந்தால் 22, 23 நாள் இழுத்து, பாதி ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும்.

அதன் பிறகுதான் கஷ்டம். அந்தக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வந்து, இறகு முளைக்கும் வரை, அதாவது நாலு வாரம் வரை புரூடர், அதாவது குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் கூண்டு, ஓட வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் என்று குண்டு பல்பு போடுவார்கள். இப்போது கடையில் கேட்டால் எல்இடி பல்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. அதை மாட்டிவிட்டு, வெளிச்சம்தான் இருக்கிறதே என்று படுக்கப் போகிறவர்கள் உண்டு. விடியற்காலம் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும், அடியில் மாட்டியவை மூச்சுமுட்டிச் செத்திருக்கும். கரண்ட் போனாலும் இதே கதைதான். இருபத்தோரு நாள் முட்டைக்குக் காவல் இருந்தவருக்கு, அதற்குப் பிறகு முப்பது ராத்திரி குஞ்சுக்குக் காவல்.

தாய்க்கோழியின் உடம்பே 41 டிகிரி. குஞ்சுக்குக் குளிர்ந்தால் கத்தும், தாய் உட்காரும், உள்ளே புகுந்துகொள்ளும். சூடு போதுமென்றால் இறக்கைக்கு வெளியே தலையை நீட்டும். எந்தத் தெர்மோஸ்டாட்டும் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனியாக இப்படிச் சரிசெய்யாது. இரை எது என்று கொத்திப் போட்டுக் காட்டுவதும் தாய்தான். பருந்து நிழல் விழுந்தால் தாய் ஒரு குரல் கொடுக்கும், அத்தனையும் செடிக்கடியில் மறைந்துவிடும். புரூடரில் வளர்ந்து ஒரு மாதத்தில் வெளியே விட்ட குஞ்சுக்குக் காக்கையும் தெரியாது, கீரியும் தெரியாது. மேய்ச்சலில் விட்டு வளர்க்கிற வீட்டில் இந்த ஒரு விஷயமே எனக்குப் போதும்.

அடை வைப்பதில் தப்பு நடக்கிற இடங்களும் உண்டு. முதலில் முட்டை. ஏழு நாளுக்கு மேல் பழசான முட்டை வேண்டாம். வெயில் காலத்தில் மூன்று நாலு நாளே அதிகம், ஏனென்றால் வீட்டுச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும். கூர்முனை கீழே இருக்கும்படி அரிசியிலோ தவிட்டிலோ செருகி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். கழுவக் கூடாது. சிறுவிடைக்குப் பத்து, மிஞ்சினால் பன்னிரண்டு. பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு போதாது. தாய் உருட்டிவிடும்போது ஓரத்து முட்டை நடுவுக்கும் நடு முட்டை ஓரத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஓரத்தில் வைத்த மூன்று முட்டை மட்டும் கெடும் என்று நினைக்க வேண்டாம், எல்லாமே கெடும்.

கோழி நிஜமாகவே அடைதானா என்று பார்க்க இரண்டு ராத்திரி கூமுட்டையோ பிளாஸ்டிக் முட்டையோ வைத்துப் பாருங்கள். அப்புறம் இருட்டிய பிறகு நல்ல முட்டையை மாற்றுங்கள். ஒன்றரை அடி அகலக் கூடை, அடியில் மூன்று விரல் உயரம் மணல், நடுவில் லேசாகக் குழித்து மேலே வைக்கோல். மணல் இல்லாமல் வெறும் கூடையில் வைத்தால் முட்டை நடுவுக்கு உருண்டு ஒன்றோடொன்று மோதி விரியும். இடி விழுந்தால் கரு கலையும் என்று இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடுவது பல வீடுகளில் வழக்கம். அவை இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு ஒரு கை நொச்சி இலையோ வேப்பிலையோ போட மறக்க வேண்டாம்.

அடை கெடுவதற்குப் பெரிய காரணம் செல், அதாவது கோழியின் ரத்தத்தை உறிஞ்சும் பொடிப் பூச்சி. தாய் முட்டையை விட்டு எழுந்து ஓடினால் மனசு மாறிவிட்டது என்று நினைப்போம். ராத்திரி டார்ச் அடித்து வைக்கோலைப் புரட்டினால் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பாக ஓடும். வைப்பதற்கு முன்பே கூடையை வெயிலில் காயப்போட்டு, கோழியைச் சாம்பலும் மணலும் கலந்த குழியில் இரண்டு நாள் புரளவிட்டிருக்க வேண்டும். நடுவில் கண்டுபிடித்தால் ராத்திரியோடு ராத்திரியாக வைக்கோலை மாற்றி எரித்துவிடுங்கள்.

அடுத்தது, மற்றக் கோழிகள் அதே கூடையில் வந்து முட்டையிடுவது. வைக்கிற முட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால் கோடு இல்லாததை அன்றாடம் எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் பாதி பொரிந்ததும் தாய் குஞ்சோடு எழுந்துவிடும், பின்னால் வந்த முட்டை எல்லாம் பாதிக் கருவோடு வீணாகும். தினமும் ஒரு தடவை கோழியை நாமே எழுப்பி 15, 20 நிமிடம் வெளியே விட வேண்டும். கம்பு, சோளம் போன்ற முழுத் தானியம் போட்டால் எச்சம் கெட்டியாக இருக்கும், கூடை அசிங்கமாகாது.

ஏழாம் நாள் ராத்திரி முட்டைக்கடியில் டார்ச் வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவப்பு நரம்பு ஓடினால் கரு உண்டு. விளக்குபோல் வெறுமையாகத் தெரிந்தால் கரு கூடாதது, எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்க வேண்டாம். பொரிக்க ஆரம்பித்ததும் குஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற பழக்கம் தப்பு. வயிற்றுக்குள் போன மஞ்சள் கருவே இரண்டு நாளுக்குத் தாங்கும், பசி என்று பதற வேண்டியதில்லை. கடைசிக் குஞ்சும் காயும் வரை தாயோடு விடுங்கள்.

பிறகு பத்து நாள், தாயும் குஞ்சும் பஞ்சாரத்துக்குள் (கோழியைக் கவிழ்த்து மூடும் பெரிய கூடைக்குள்). தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைத்து வைக்க வேண்டும். குருணை மட்டும் போட்டால் வளர்ச்சி பிடிக்காது. குஞ்சுத் தீவனம் கொஞ்சம், கூடவே கறையான். பழைய பானையில் வைக்கோல், காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு அடைத்துத் தண்ணீர் தெளித்து, கறையான் இருக்கும் தரையில் சாயங்காலம் கவிழ்த்தால் மறுநாள் காலையில் நிறைந்திருக்கும். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான கண் சொட்டு மருந்தைத் தாயோடு வளர்கிற குஞ்சுக்கும் போட்டாக வேண்டும். பகலில் பிடிக்கப் போனால் தாய் கண்ணைக் கொத்த வரும், ராத்திரி எடுப்பது சுலபம். மருந்துக் குப்பி நூறு கோழிக்கு மேல் வரும், கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுவது நல்லது.

தெளிய வைக்க வேண்டிய காலம் என்று இரண்டைச் சொல்வேன். கத்தரி வெயிலில் முட்டையும் கெடும், தாயும் இளைக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பொரிந்த குஞ்சு நனைந்தே செத்துப்போகும். தை, மாசியில் வைத்த அடை தவறுவது குறைவு. காலம் சரியாக இருந்தாலும் போன அடையில் குஞ்சைக் கொத்திய கோழி, எலும்பு தட்டுப்படுகிற அளவுக்கு இளைத்த கோழி, இவற்றுக்கு முட்டை வைக்காதீர்கள்.

தெளிய வைக்கப் பழைய முறைகள் நிறைய. மூக்கில் இறகு செருகுவது வேண்டாம், புண்ணாகிச் சளி பிடிக்கும். வெயிலில் காலைக் கட்டிப்போடுவதில் கோழியே சாகும். தண்ணீரில் முக்குவது நெஞ்சுத் தோலைக் குளிர வைக்கத்தான், ஆனால் காய்ந்ததும் மறுபடி கூடைக்கே போகும். பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினாலும் தெளியாது, ஏனென்றால் அடியில் தரை இருக்கிறது, அதன்மேலேயே அடை படுத்துவிடும். நெஞ்சுக்கடியில் சூடு தங்காமல் செய்வதுதான் விஷயம். இரண்டடிக்கு இரண்டடி கம்பிக்கூண்டு, அடித்தளமும் ஒரு அங்குலக் கண் வலை, தரையிலிருந்து ஒரு அடிக்கு மேலே காற்று ஓடும்படி தூக்கி, நிழலில், வெளிச்சத்தில் வைக்க வேண்டும். வைக்கோல், சாக்கு எதுவும் கூடாது. தீவனமும் தண்ணீரும் எப்போதும்போல. அடை படுத்த முதல் இரண்டு நாளில் போட்டால் மூன்று நாள் போதும், ஒரு வாரம் படுத்தபின் போட்டால் ஐந்து ஆறு நாள் ஆகும். சாயங்காலம் திறந்து விட்டுப் பாருங்கள். மற்றவற்றோடு அடையப் போனால் தெளிந்துவிட்டது. கூடைக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். இது சிறுவிடைக்குச் சொல்வது. உடம்பு பெரிய பெருவிடையின் பிடிவாதத்துக்கு இந்த நாள் கணக்கு பொருந்தும் என்று அதே உறுதியோடு சொல்ல மாட்டேன்.

இரண்டு மூன்று கோழி ஒன்றாக அடை படுத்தால் இந்த இரண்டு வழியையும் சேர்த்துவிடலாம். ஒரே ராத்திரியில் எல்லாவற்றுக்கும் முட்டை வைத்துவிடுங்கள். ஏழாம் நாள் டார்ச் அடித்துக் கெட்டதைக் கழித்தால், மூன்று கோழியின் முட்டை இரண்டுக்கு அடங்கிவிடும். மூன்றாவது கம்பிக்கூண்டுக்குப் போகட்டும். பொரிந்ததும், குளிர் இல்லாத மாதமென்றால், பதினைந்து குஞ்சு வரை ஒரே தாயிடம் விட்டு இன்னொன்றையும் முட்டைக்குத் திருப்பலாம். இன்குபேட்டர் ஏற்கனவே வாங்கிவிட்டவர்களும், வாங்கியதை வீணாக்காமல், முட்டை வைக்கிற அன்றே ஒரு கோழியையும் அடையில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு மாற்றுவது ராத்திரியில், பொரிந்து இரண்டு நாளுக்குள், இறக்கைக்கடியில் ஒவ்வொன்றாகச் செருகித்தான். நாலு நாள் தாண்டிய குஞ்சு அந்தத் தாயின் குரலுக்குப் பழகாது, ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் வெளிச்சம் வரும்போது பக்கத்திலேயே இருந்து பாருங்கள். நிறம் வேறாக இருக்கும் குஞ்சைத் தாய் தேடித் தேடிக் கொத்தினால் அதை உடனே எடுத்துவிட வேண்டும்.