'பிராஞ்ச் அவுட்': லாங்மன் இணைய அகராதி போதுமா?

'பிராஞ்ச் அவுட்' (branch out) போல, வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் ஆங்கிலத் தொடர்வினைகளுக்கு லாங்மன் இலவச இணைய அகராதி நம்பகமானது. சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே பொருள் சொல்வதால், ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. 'பிராஞ்ச் அவுட்' என்றால் வழக்கமான வேலையைத் தாண்டி வேறு வகைச் செயலில் இறங்குவது. பின்னால் 'இன்டு' வரும் என்பதையும் காட்டிவிடுகிறது. பாதிப் பிழை அதிலேயே போய்விடும்.

மீதிப் பாதிக்குத்தான் உதவி போதாது. இது செயப்படுபொருள் ஏற்காத வினை. 'ஹோண்டா பிராஞ்ச்ட் அவுட் இன்டு கார்ஸ்' சரி: மோட்டார் சைக்கிள் நிறுவனம் 1963இல் கார் விற்பனையில் இறங்கியது. 'பிராஞ்ச்ட் அவுட் இட்ஸ் பிசினஸ்' தவறு. அங்கே 'எக்ஸ்பாண்டட்' போடுங்கள். அகராதி இதை வெளிப்படையாக எச்சரிப்பதில்லை, மாதிரி வடிவத்தைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டும். நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் வேறு: வங்கி புதுக் கிளை திறந்தால் அது 'பிராஞ்ச் அவுட்' ஆகாது, தொழில் அதேதானே! அதே வங்கி காப்பீடு விற்கத் தொடங்கினால் தாராளமாக எழுதலாம். 'இன்டு'வுக்குப் பின் வினை வந்தால் 'இங்' வடிவம்: 'இன்டு செல்லிங் இன்ஷூரன்ஸ்'.

ஓரளவு ஆங்கிலம் வாசிப்பவர்களுக்குப் பரிந்துரைக்கலாம். தொடக்கநிலை மாணவருக்கு ஆசிரியரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.