18-ஆ, 21-ஆ? குளிர்கால தெர்மோஸ்டாட் கணக்கு

டொரண்டோவில் ஹீட்டிங் வீட்டுக்காரர் பொறுப்பில் இருந்தால், வாடகை வீட்டில் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது நகர விதி. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டியோ 18 டிகிரியே பொதுவாகப் பாதுகாப்பானது என்கிறது. ஹீட்டிங் பில்லைத் தானே கட்டுகிறவர் தெர்மோஸ்டாட்டில், அதாவது வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியில், எதை வைப்பது?

வீடு இழக்கும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே மைனஸ் 5 என்றால் 21-க்கு வித்தியாசம் 26, 18-க்கு 23. ஏறக்குறைய 12 சதவீதம் மிச்சம். வெளியே 5 டிகிரி என்றால் அதுவே 19 சதவீதம் ஆகிவிடும். ஆனால் குறைவது இரண்டு நாளும் அதே 3 டிகிரி என்பதால், மிச்சமாகும் வெப்பத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே மைனஸ் 20-இல் நடுங்கிக்கொண்டு சிக்கனம் பிடிக்க வேண்டியதில்லை. அக்டோபரிலும் ஏப்ரலிலும் பிடித்தாலே போதும், அப்போது ஒரு ஸ்வெட்டர் தாங்கும்.

நடமாடிக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருப்பவருக்கு 18 பழகிவிடும். லேப்டாப் முன் அசையாமல் உட்கார்ந்தால் விரல்கள் விறைக்கும். பெரிய ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தாலோ 21-உம் போதாது, உடம்புச் சூட்டைக் குளிர்ந்த கண்ணாடி இழுத்துக்கொள்கிறது. நாற்காலியை நகர்த்திப் பாருங்கள், அதற்குச் செலவில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நான் வாதாட மாட்டேன், பகலில் 21-தான். கைக்குழந்தை தூங்கும் அறைக்கு மட்டும் அவ்வளவு வேண்டாம். பிரிட்டனில் அதற்கு 16 முதல் 20 வரை சொல்கிறார்கள்.

18-இல் இன்னொரு தொல்லை பூஞ்சை. சோறு வடிக்கும் ஆவியும் உள்ளே காயும் துணியின் ஈரமும் குளிர்ந்த சுவர் மூலையில் படியும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட மறக்கிற வீட்டுக்கு 18 சரிவராது.

அப்புறம் மூன்றாவது வழி: பகலில் ஒன்று, இரவில் ஒன்று. காலையில் மறுபடி சூடாக்க அதிகம் எரியும் என்பார்கள். கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் விஷயத்தில் அது தவறு. தினமும் 8 மணி நேரம் 4 முதல் 5.5 டிகிரி வரை குறைத்தால் ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சப்படலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துவரும் ஹீட் பம்ப் வேறு கதை. காலையில் சட்டென ஏற்றினால் துணைக்கு இருக்கும் மின்சார ஹீட்டர் ஓடத் தொடங்கி, மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

என் தேர்வு: கேஸ் ஃபர்னஸ் என்றால் பகலில் 20, இரவில் 17. எழுவதற்கு அரை மணி முன்பே ஏறத் தொடங்கும்படி டைமர். ஹீட் பம்ப் என்றால் நாள் முழுக்க 20, இரவில் வேண்டுமானால் ஒரு டிகிரி இறக்கலாம்.