கம்பி மரமா, சீஃபோம் மரமா?

மாதிரி ரயில் காட்சிக்கு மரம் செய்யும்போது, ஹெச்ஓ அளவில் (1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) 15 மீட்டர் மரம் சுமார் 17 செ.மீ. வரும். பார்வையாளர் மூக்கை வைத்துப் பார்க்கும் முன்வரிசைக்குக் கம்பிதான் சரி. பழைய வயரிலிருந்து 40 செம்பு இழைகளை எடுத்து அடியில் சேர்த்து முறுக்கி, மேலே போகப் போகப் பிரித்துக் கிளையாக்க வேண்டும். பட்டைக்கு ஃபெவிகாலில் சலித்த மரத்தூள். ஒரேயடியாக அப்பினால் காய்ந்ததும் வெடிக்கும்; மெல்லிசாக இரண்டு பூச்சு போதும். நிறம் சாம்பல் கலந்த பழுப்பு, சாக்லேட் நிறம் வேண்டாம்.

சீஃபோம் காய்ந்த செடி. நுண்கிளை இயற்கையாகவே இருப்பதால் பின்வரிசைக் காட்டைச் சீக்கிரம் நிரப்பலாம். ஆனால் தண்டு கோணலாக இருக்கும், தொட்டால் நொறுங்கும். ஒரு பங்கு பசை, மூன்று பங்கு தண்ணீரில் முக்கி, ஈரத்திலேயே இலைத்தூள் தூவி, நுனியில் கிளிப் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஓரளவு நிமிரும்.