பிரிட்டனின் காட்டுயிர்களை இணையத்தில் தேடி ஆறு வருடம்: எது தங்கியது, எதை அழித்தேன்

முதல் வருடம் நான் தேடியதில் பாதி என்னை அமெரிக்காவுக்குத்தான் கொண்டுபோய் விட்டது. லண்டன் ஹேரோவில் குடிவந்த புதிதில், கொல்லைப்பக்க வேலியில் ஆரஞ்சு மார்போடு ஒரு சின்னப் பறவை தினமும் வந்து உட்காரும். பக்கத்து வீட்டுக்காரர் "ராபின்" என்றார். உள்ளே வந்து தட்டிப் பார்த்தால் மைனா அளவில் ஒரு பறவை, கூட்டில் நீல முட்டைகள். அது அமெரிக்க ராபின், த்ரஷ் வகை. என் வேலியில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற வேறு பறவை. இங்கிருந்து அங்கே குடியேறியவர்கள் சிவந்த மார்பைப் பார்த்ததும் ஊர்ப் பறவையின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். 'பிளாக்பேர்டு' என்று தேடினாலும் இதே கதைதான்.

அதனால் இப்போது ஒரு பழக்கம்: முகவரி 'டாட் யூகே' என்று முடிகிறதா என்று முதலில் பார்ப்பேன், அப்புறம் பக்கத்தின் தேதி. தேதி ஏன் என்றால், கிரீன்ஃபின்ச் என்கிற பச்சைக் குருவி 2021 டிசம்பரில்தான் பிரிட்டனில் அதிகம் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போனது. அதற்கு முன்னால் எழுதிய பக்கங்கள் இன்னமும் "கவலை வேண்டாம், சாதாரணமாகத் தென்படும்" என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. பறவைத் தீனி விற்கும் ஒரு கடையின் பக்கத்தை நம்பி முதல் குளிர்காலம் முழுக்கத் தீனித் தொட்டியைக் கழுவாமலே விட்டிருந்தேன். 2005 வாக்கில் இந்தக் குருவிகளிடம் பரவத் தொடங்கிய தொண்டை நோய், ஈரத் தீனியாலும் அழுக்குத் தொட்டியாலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் தீனி வாங்கச் சொல்லுவார், தொட்டியைத் தேய்க்கவா சொல்லுவார்?

சரி, தங்கியவற்றுக்கு வருகிறேன்.

ஒரு பறவையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள ஆர்எஸ்பிபி என்கிற பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் பக்கங்கள் போதும். 1889இல் தொப்பிகளுக்காக இறகு வணிகம் நடப்பதை எதிர்த்துப் பெண்கள் தொடங்கிய சங்கம் அது. படம், குரல், எந்த மாதத்தில் தென்படும் என்பதெல்லாம் சுருக்கமாக இருக்கும். அதற்கு மேல் ஆழமாகப் போக வேண்டுமென்றால் பிடிஓ, அதாவது நார்ஃபோக்கின் தெட்ஃபோர்டில் இருக்கும் பறவையியல் அறக்கட்டளை. ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பறவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் அவர்களுடைய காணொளிகளுக்கு ஈடு இல்லை. சிஃப்சாஃபையும் வில்லோ வார்ப்ளரையும் கண்ணால் பிரிக்க எனக்கு இன்றைக்கும் வராது. ஆனால் முன்னது தன் பெயரையே சொல்லிச் சொல்லிக் கத்தும், பின்னது மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு இறங்குவதுபோலப் பாடும் என்பதை அங்கேதான் காதில் ஏற்றிக்கொண்டேன்.

குரலுக்கு, அமெரிக்காவின் கார்னெல் ஆய்வகம் தரும் மெர்லின் செயலி. பிரிட்டனுக்கான தொகுப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். கேட்ட ஒலியைப் படமாக மாற்றி, அந்தப் படத்தை வைத்துப் பறவையை அடையாளம் காண்கிறது. ஆனால் எந்தச் செயலியாக இருந்தாலும் ஸ்டார்லிங் முன்னால் கொஞ்சம் ஜாக்கிரதை. மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவை, மிமிக்ரியும் குடும்பச் சொத்து. எதிர்வீட்டு ஆன்டெனாவில் உட்கார்ந்து பஸர்டு என்கிற பெரிய பருந்தின் சீழ்க்கையை அச்சு அசலாக அடித்தது. நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டே தோட்டத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தேன்.

இத்தனைக்கும் நடுவில் என்னை மாற்றியது என்று சொன்னால், பார்த்த உயிர்களைப் பதிவிடும் ஐரெக்கார்டு தளம்தான். பார்ப்பதற்கு ஒரு வசீகரமும் இல்லை, படிவம் நிரப்புகிற வேலை. என்ன பார்த்தாய், எங்கே, எப்போது, யார் பார்த்தது. இந்த நாலும் இல்லாமல் பதிவு கிடையாது. 'எங்கே' என்பதற்கு நிலப்பட அளவைத் துறையின் கட்டக் குறியீட்டைக் கேட்கும். எங்கள் பகுதி 'டிக்யூ 18' என்கிற பத்துக் கிலோமீட்டர் சதுரத்துக்குள் வருகிறது. வரைபடத்தில் தொட்டால் தானே நிரப்பிக்கொள்ளும் என்பது தெரியாமல், முதல் வாரம் கையால் எண்களைப் போட்டு, கிழக்கு வடக்கு மாறிப்போய், என் வீட்டுத் தவளையை எங்கேயோ ஒரு வயலில் விட்டுவிட்டேன்.

அங்கே நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு அக்டோபரில் ஜன்னல் சட்டத்தில் கறுப்பாக ஒரு பொறிவண்டு, முதுகில் நாலு சிவப்புப் பொட்டு. படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, இரு புள்ளிப் பொறிவண்டின் கறுப்பு வடிவம் (பெயர்தான் இரு புள்ளி, இந்த வடிவத்தில் நாலு பொட்டும் உண்டு) என்று பதிவிட்டேன். சில நாளில் சரிபார்ப்பவரிடமிருந்து ஒரு வரிக் கேள்வி: கால் என்ன நிறம், நீளம் எத்தனை மில்லிமீட்டர்? காலையா பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஜன்னலுக்குப் போனேன். நல்ல வேளை, அங்கே இப்போது ஏழெட்டு இருந்தன. ஒன்றைக் கண்ணாடி டம்ளருக்குள் விட்டு, அடியிலிருந்து படம் எடுத்தேன். கால்கள் பழுப்பு. பக்கத்தில் ஸ்கேலை வைத்தால் ஏழு மில்லிமீட்டர். இரு புள்ளிக்குக் கால் கறுப்பு, ஆளும் சின்னது. இது ஹார்லெக்வின், 2004இல் எஸ்ஸெக்ஸில் முதலில் தென்பட்டு நாடு முழுக்கப் பரவிய வந்தேறி. குளிருக்கு வீட்டுக்குள் கும்பலாக ஒண்டுவதும் அதன் வழக்கம். பெயரைத் திருத்தினேன், "ஏற்கப்பட்டது" என்று பச்சை டிக் விழுந்தது. எவ்வளவோ பக்கம் படித்திருக்கிறேன், பொறிவண்டின் காலைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வரிக் கேள்விதான். சரிபார்ப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்.

இப்படித் தேறும் பதிவுகளில் பல, என்பிஎன் அட்லஸ் என்கிற தேசிய வரைபடத்துக்கும் போய்ச் சேர்கின்றன. நான் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துவேன். நான் பார்த்ததாக நினைக்கும் உயிர் எங்கள் பக்கம் இதுவரை பதிவே ஆகவில்லை என்று வரைபடம் காட்டினால், பெரும்பாலும் தவறு என் கண்ணில்தான்.

முள்ளெலி விஷயத்தில் அம்மாவைச் சொல்லாமல் முடியாது. கோடைக்கு வந்திருந்தவர், ராத்திரி தோட்டத்தில் ஒன்று உருண்டு போவதைப் பார்த்துவிட்டுத் தட்டில் பால் ஊற்றி வைத்துவிட்டார்.

"அதுக்குப் பால் சேராதும்மா, வயிறு கெட்டுப்போகும்."

"பாம்புக்கே பால் வெக்கிறோம், இதுக்கு என்னடா?"

"பாம்புக்கும் சேராது."

நம்பவில்லை. ஹெட்ஜ்ஹாக் ஸ்ட்ரீட் தளத்தைத் திறந்து வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன்: தண்ணீரும், நாய் பூனைக்கான இறைச்சித் தீனியும் வைக்கலாம், வேலியின் அடியில் 13க்கு 13 சென்டிமீட்டரில் ஒரு துளை போட்டால், அது தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். துளை போட்டாயிற்று. தமிழில் தேடுபவர்களுக்கு ஒன்று: முள்ளெலியைத் தேடினால் முள்ளம்பன்றியும் கலந்து வரும். இரண்டும் வேறு வேறு, நம் தென்மாவட்டங்களில் முள்ளெலி உண்டு.

கணக்கெடுப்புகளில் இரண்டை விடுவதில்லை. கோடையில் பட்டர்ஃப்ளை கன்சர்வேஷன் அமைப்பின் பதினைந்து நிமிட வண்ணத்துப்பூச்சிக் கணக்கு. 2023இல் ஒரு கணக்கெடுப்புக்குச் சராசரியாகப் பன்னிரண்டு தென்பட்டன. 2024இல் அது ஏழு, கணக்கு தொடங்கிய 2010இலிருந்து ஆகக் குறைவு. நான் அந்த வருடம் உட்கார்ந்த பதினைந்து நிமிடத்தில் இரண்டே இரண்டு வெள்ளைகள். மொத்த நாட்டு நிலவரத்துக்கு 'ஸ்டேட் ஆஃப் நேச்சர்' அறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. 1970இலிருந்து ஆய்வு செய்த உயிரினங்களின் எண்ணிக்கை சராசரியாக 19 சதவீதம் சரிந்திருப்பதாக 2023 அறிக்கை சொல்கிறது. பக்கங்கள் அதிகம், சுருக்கத்தைப் படித்தால் போதும்.

அழித்தவை பற்றி நீட்ட வேண்டாம். புகைப்படத்தைக் காட்டினால் எல்லாச் செடிக்கும் பெயர் சொல்வதாக மாதக் காசு வாங்கிய ஒரு செயலி, பக்கத்துத் தெருச் செடிக்கு மூன்று நாளில் மூன்று பெயர் சொன்னது. போய்விட்டது. ஆந்தைக் கூடு எங்கே என்று வழிகாட்டிய ஒரு குழுவையும் விட்டுவிட்டேன், அது பறவைக்கு ஆபத்து. இன்று என் போனில் இருக்கும் எதற்கும் நான் காசு கொடுக்கவில்லை. உறுப்பினராகச் சொல்லிக் கேட்பார்கள், அது நம் விருப்பம்.

நான் விடாத இன்னொரு கணக்கெடுப்பு, தோட்டத்துப் பறவைகளுக்கானது, ஜனவரிக் கடைசி வார இறுதியில், 1979இலிருந்து ஆர்எஸ்பிபி நடத்துவது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரே சமயத்தில் வந்து இறங்கியதில் அதிகபட்ச எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும். முதல் வருடம் இது புரியாமல், வந்த நீலச்சிட்டே திரும்பத் திரும்ப வருவதைக் கூட்டி 23 என்று எழுதினேன். இந்த வருடம் ஒழுங்காக எண்ணினேன். சிட்டுக்குருவி 5, நீலச்சிட்டு 3, ராபின் 1, தஞ்சாவூர் கோபுரத்தில் பார்த்த அதே பச்சைக்கிளி 4. கிரீன்ஃபின்ச் வரவில்லை, இது மூன்றாவது வருடம். தொட்டியை மட்டும் ஞாயிறுதோறும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன்.