அப்பலாச்சியன் பாதையில் ஒரு திண்ணை: எட்டு ஆண்டுப் பழக்கம்

வாஷிங்டனிலிருந்து ஐ-66 நெடுஞ்சாலையில் மேற்கே ஒன்றேகால் மணி நேரம் போனால் லிண்டன் என்ற சிற்றூர் வரும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு அப்பலாச்சியன் பாதையில் தெற்கு நோக்கி ஏறக்குறைய மூன்று மைல் நடந்தால் ஜிம் அண்ட் மாலி டென்டன் குடிலை அடையலாம். எட்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று, நான்கு முறையாவது அங்கே போய்வருகிறேன். கடுங்குளிரிலும் இரவு தங்கியிருக்கிறேன்.

ஜார்ஜியாவில் தொடங்கி மேய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் ஓடும் பாதை இது. வழியில் 250க்கும் மேற்பட்ட குடில்கள் இருக்கின்றன. பெரும்பாலும் மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, படுக்கப் பலகைத் தளம், அவ்வளவுதான். டென்டன் குடிலுக்கு முன்புறம் அகலமான திண்ணை ஒன்று உண்டு. ஒரு ஜூன் மாலையில் மழை பிடித்துக்கொண்டபோது ஏழு பேர் ஈரக் காலுறைகளைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு அதில் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேர் ஜார்ஜியாவிலிருந்தே நடந்து வருபவர்கள். என் புளியோதரையைப் பங்கிட்டேன். அவர்களில் ஒருவர் டப்பா மூடியில் ஒட்டியிருந்த கடலைப்பருப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. சமைக்கத் தனிக் கூரை இருக்கிறது. குளிக்கவும் வசதி உண்டு, ஆனால் வெயிலை நம்பிய ஏற்பாடு. மேகம் மூடினால் பச்சைத் தண்ணீர்தான். கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. முதலில் வருபவருக்கு இடம்.

சம்பளத்துக்கு ஆள் வைத்துத்தான் இதையெல்லாம் பராமரிக்கிறார்கள் என்று முதல் இரண்டு ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஒரு மார்ச் மாதக் காலையில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பாதையில் குனிந்து மண்வெட்டியால் சேற்றையும் சருகையும் வழித்துக்கொண்டிருந்தார். பாதையின் குறுக்கே சாய்வாக ஒரு மரத்துண்டு பதித்திருந்தது. மழைநீர் பாதையோடு ஓடி மண்ணை அரிக்காமல் பக்கத்துச் சரிவில் இறங்குவதற்காக அதை வைக்கிறார்கள். சருகு அடைத்துக்கொண்டால் நீர் அதைத் தாண்டி ஓடும். பிறகு பாதையே ஓடையாகிவிடும். வயலில் மடை பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வேலையைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. பையை இறக்கிவைத்துவிட்டு அரை மணி நேரம் நானும் வழித்தேன்.

1927இல் தொடங்கிய பொடோமாக் அப்பலாச்சியன் பாதைச் சங்கத்தின் தொண்டர் அவர். பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியாவின் ராக்ஃபிஷ் கேப் வரை சுமார் 240 மைல் அந்தச் சங்கத்தின் பொறுப்பு. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து உறுப்பினர்களிடம் விட்டிருக்கிறார்கள். குடில்களுக்கும் அப்படியே பொறுப்பாளர்கள் உண்டு. வந்துபோகும் பெட்ரோல் செலவைக்கூட அவர் கையிலிருந்தே போட்டுக்கொண்டார்.

குடிலில் இருக்கும் குறிப்பேட்டில் ஏதாவது எழுதுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். வெறும் ஊர், பெயர் எழுதும் ஏடு என்று நினைத்திருந்தேன். ஊற்றில் நீர் மெலிந்துவிட்டது, பலகை ஆடுகிறது, மரம் விழுந்து வழியை மறித்திருக்கிறது என்று நடப்பவர்கள் எழுதுவதைப் படித்துத்தான் அடுத்த முறை எந்தக் கருவியைத் தூக்கிவருவது என்று முடிவு செய்கிறார்களாம். மறு ஆண்டு முதல், சங்கத் தொண்டர்கள் பாதையைச் சீர்செய்யக் கூடும் நாட்களில் நானும் சேர்ந்துகொண்டேன்.

குறைகளும் உண்டு. இரவில் எலி ஓடும். உணவைத் தலைமாட்டில் வைத்தால் பை ஓட்டையாகிவிடும். கரடிகள் உலவும் காடு என்பதால் உணவுப் பையை உயரத்தில் தொங்கவிட்டே ஆக வேண்டும். கோடையில் உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். படுக்குமுன் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பாருங்கள். ஆனால் என்னை உண்மையில் கோபப்படுத்துவது நெருப்புக் குழிதான். அலுமினியத் தாள் எரியாது என்பது தெரிந்தும் அதில் போட்டுவிட்டுப் போகிறார்கள். கடந்த நவம்பரில் சாம்பலைக் கிளறிக் கருகிய தாளையும் உடைந்த கண்ணாடியையும் ஒரு பை நிறையப் பொறுக்கி மூன்று மைல் சுமந்து இறங்கினேன்.

ஊற்று நீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் போவதானால் கீழேயிருந்தே இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்று எப்படி இருந்தது என்று தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவிட்டு வாருங்கள்.